சுமைதாங்கியும் முதுகுத்தண்டும்

சென்னையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை செங்கற்பட்டைக் கடந்து, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, படாளம் வழியாக மதுராந்தகத்தை நெருங்குமுன் கருங்குழியைத் தொட்டுச் செல்கிறது. பேருந்தில் விரைவோர்க்கு அது ஒரு பெயர்ப்பலகை மட்டுமே. வள்ளலார் தண்ணீரில் விளக்கெரித்தார் எனச் சொல்லப்படும் கருங்குழி இதுவன்று. அது வடலூருக்கு அருகே உள்ளது. இந்தக் கருங்குழி போர் ஏடுகளில் இடம்பெற்ற ஊர். 'கரங்கூலி' என்று ஆங்கிலேயர் எழுதிய இவ்வூரின் கோட்டைக்காக, 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதினர். 1763-இல் ஆர்க்காட்டு நவாபு செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராக அளித்தார். 1780-இல் ஐதர் அலியின் படை இச்சீமையைச் சூறையாடியது. 1781 ஜனவரியில் தளபதி கூட் அனுப்பிய படைப்பிரிவு கருங்குழிக் கோட்டையை மீண்டும் கைப்பற்றியது.

இவையெல்லாம் வரலாற்று நூல்களில் உள்ளன. இச்சாலையின் மற்றொரு வரலாறு எந்த நூலிலும் முழுமையாக இல்லை. அது சுமந்தவர்களின் வரலாறு. புகைவண்டியும் லாரியும் வருமுன் இச்சாலையில் சென்ற பொருளெல்லாம் மாட்டின் கழுத்தை நம்பியோ மனிதனின் முதுகை நம்பியோதான் சென்றன. ஏரிப் பாசன நெல் மூட்டைகள், செய்யூர், மரக்காணம் கடலோர உப்பு, பானைகள், விறகுக் கட்டுகள், படைகளின் கூடாரங்கள், துரைமார் ஏறிய பல்லக்குகள் ஆகிய அனைத்தும் தலையிலும் தோளிலும் காவடித் தண்டிலும் நகர்ந்தன. அந்த முதுகுகள் எப்படி வலித்தன என்று எவரும் எழுதி வைக்கவில்லை. ஆயினும் அவ்வலியை அறிந்திருந்த ஒரு சமுதாயம் அதற்கு ஓர் அடையாளத்தைக் கல்லில் விட்டுச் சென்றிருக்கிறது.

அதுவே சுமைதாங்கி.

கல்லில் வடித்த கருணை

இரண்டு கற்கள் செங்குத்தாக நடப்பட்டிருக்கும். அவற்றின்மேல் ஒரு பலகைக்கல் குறுக்கே கிடக்கும். அவ்வளவே. அதன் உயரத்தில்தான் அறிவு இருக்கிறது. நிற்கும் மனிதனின் மார்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரம் அது. தலைச்சுமையோடு தனியே வருகிறவர் சுமையைத் தரையில் இறக்கினால், பிறர் கைகொடுத்தாலன்றி மீண்டும் தூக்கி வைக்க இயலாது; தாமே தூக்க முயன்றால் இடுப்பு ஒடியும். சுமைதாங்கி இருந்தால் குனிய வேண்டியதில்லை. சும்மாட்டோடு சுமையை அப்படியே கல்லின்மேல் சரித்து, சற்று இளைப்பாறி, மீண்டும் தலையைக் கொடுத்து ஏற்றிக்கொண்டு நடக்கலாம். குனிந்து எடை தூக்கும்போது முதுகெலும்பின் தட்டுகள்மீது அழுத்தம் பன்மடங்கு ஏறுகிறது என்பதை 1960-களில் சுவீடன் நாட்டு மருத்துவர் நாக்கெம்சன் ஊசி செலுத்தி அளந்து காட்டினார். நம் ஊர்க் கல்தச்சர் அளவுகோல் இன்றியே அதை அறிந்திருந்தார்.

இக்கல்லை நட்டவர்கள் யார்? கருவுற்ற நிலையில், பிள்ளையைப் பெறாமலே ஒரு பெண் இறந்துபோனால், அவள் நினைவாகக் குடும்பத்தார் சாலையோரத்தில் சுமைதாங்கி நட்டனர். இறக்கி வைக்க முடியாத சுமையோடு சென்றுவிட்ட அவளுடைய ஆன்மா, வழிப்போக்கர் தம் சுமையை இறக்கும்போதெல்லாம் ஆறுதல் பெறும் என்பது அவர்கள் நம்பிக்கை. சில கற்களில் அப்பெண்ணின் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. யாழ்ப்பாணத்துத் தெருக்களிலும் இக்கற்கள் உண்டு. மாடுகள் உடலைத் தேய்த்துக்கொள்ள நட்ட ஆவுரோஞ்சிக் கற்களும் அங்கே உண்டு. கேரளத்தில் 'அத்தாணி' என்ற பெயரில் இதே கல் நின்றது. இன்றும் அங்குப் பல ஊர்களுக்கு அதுவே பெயர். சாலைகள் அகலமானபோது இவற்றுள் பல பெயர்த்தெறியப்பட்டன.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. சுமைதாங்கி ஒரு படுக்கையன்று. அங்கே எவரும் மாதக்கணக்கில் தங்குவதில்லை. சற்று இறக்கி வைப்பதும் மீண்டும் நடப்பதுமே அதன் ஒழுங்கு. முதுகுவலியைப் பற்றி மேலை மருத்துவம் ஒன்றரை நூற்றாண்டு அலைந்து திரிந்து இறுதியில் வந்து சேர்ந்திருக்கும் இடமும் ஏறத்தாழ இதுவே.

ஜவ்வு என்னும் தட்டு

"ஜவ்வு தேய்ந்துவிட்டது", "ஜவ்வு விலகிவிட்டது" என்று நம் இல்லங்களில் சொல்லக் கேட்கிறோம். முள்ளெலும்புகளுக்கு இடையே அமைந்துள்ள தட்டையே அவ்வாறு குறிக்கிறோம். கழுத்து முதல் இடுப்பு வரை அத்தகைய தட்டுகள் 23 உள்ளன. வெளியே நார்களாலான உறுதியான வளையம். உள்ளே நீர் நிறைந்த கூழ் போன்ற மையம். பகலெல்லாம் உடலின் பாரத்தால் அம்மையம் நீரை இழக்கிறது. இரவில் படுத்திருக்கும்போது நீரை மீண்டும் உறிஞ்சுகிறது. காலையில் நாம் மாலையைவிடச் சற்று உயரமாக இருப்பது இதனால்தான்.

வளர்ந்த மனிதரின் இத்தட்டுக்குள் இரத்தக் குழாய்கள் செல்வதில்லை. மேலும் கீழும் உள்ள மெல்லிய எலும்புத் தகட்டின் வழியாகக் கசிந்து வரும் சத்தைக் கொண்டே அது வாழ்கிறது. இக்கசிவை ஆராய்வதில் நம் தமிழகத்துக்குச் சிறப்பான இடமுண்டு. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். இராஜசேகரனும் அவர் குழுவினரும், சாயம் செலுத்திப் பல மணி நேரம் தொடர்ந்து எம்.ஆர்.ஐ. படங்கள் எடுத்து, தகடு சிதையும்போது தட்டின் ஊட்டம் எவ்வாறு மாறுகிறது என்று காட்டினர். 2004-இல் வெளிவந்த இவ்வாய்வு உலக அளவில் பரிசு பெற்றது. பின்னர் 2013-இல், தட்டு பிதுங்கிய 181 நோயாளிகளை ஆராய்ந்து, அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரிடம் பழுது அத்தகடு இணையும் இடத்திலேயே தொடங்கியதைக் கண்டனர். நார்வளையம் கிழிவதே முதற்காரணம் என்றிருந்த பழைய எண்ணத்தை இது அசைத்தது.

வயது ஏற ஏறத் தகட்டின் கசிவு குறைகிறது. தட்டு நீர் வற்றித் தாழ்கிறது. இடுப்பின் அடியிலுள்ள கடைசி இரு தட்டுகளே பெரும்பாலும் முதலில் தேய்கின்றன. இதைத்தான் 'டிஸ்க் தேய்மான நோய்' என்கிறோம். ஆனால் நரை விழுவதை நாம் நோய் என்று சொல்வதுண்டோ?

படுக்கையின் நூற்றாண்டு

19-ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் ஜான் ஹில்டன் என்ற அறுவை மருத்துவர் 'ஓய்வும் வலியும்' என்ற பொருள்பற்றி ஆற்றிய சொற்பொழிவுகள் 1863-இல் நூலாயின. லிவர்பூலைச் சேர்ந்த ஹ்யூ ஓவன் தாமஸ், எலும்பு நோய்க்கு நீண்ட, இடையறாத ஓய்வே மருந்து என்றார். உடைந்த எலும்புக்குப் பொருந்திய இக்கொள்கை நாளடைவில் வலிக்கும் முதுகுகளுக்கெல்லாம் விதியாயிற்று. 1934-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மிக்ஸ்டரும் பாரும், பிதுங்கிய தட்டு நரம்பை அழுத்துவதே கால்வரை பரவும் வலிக்குக் காரணம் என நிறுவினர். அது பெரிய கண்டுபிடிப்பே. ஆயினும் அதன்பின் முதுகுவலி என்றாலே 'டிஸ்க்', 'டிஸ்க்' என்றாலே படுக்கை அல்லது கத்தி என்ற மனப்போக்கு வளர்ந்தது. வாரக்கணக்கில் பலகையில் படுக்க வைப்பதும், எடை கட்டி இழுப்பதும், இடுப்பில் பெல்ட் பூட்டுவதும் நம் நாட்டிலும் வழக்கமாயின.

இந்தப் படுக்கைக் கொள்கையை அசைத்த ஆய்வுகளுள் முதன்மையான ஒன்று நம் கருங்குழிச் சாலையின் மறுகோடியிலேயே நிகழ்ந்தது. அது முதுகைப் பற்றியதன்று, காசநோயைப் பற்றியது. காசநோயாளிக்கு நல்ல காற்றும் படுக்கையும் வேண்டும் என்ற நம்பிக்கையில், 1928-இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் சானடோரியம் நிறுவினார். இன்றும் அப்பகுதிக்கும் தொடர்வண்டி நிலையத்துக்கும் அதுவே பெயர். 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் படுத்து மருந்து உண்டவர்களையும், வறிய இல்லங்களில் இருந்துகொண்டே மருந்து உண்டவர்களையும் ஒப்பிட்டது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டால், வீட்டில் இருந்தாலும் அதே அளவு குணம் கிடைக்கிறது என 1959-இல் அறிவித்தது. உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வர இது வழிவகுத்தது.

அடுத்த கேள்வி முதுகெலும்பைத் தாக்கும் காசநோயைப் பற்றியது. இந்நோயாளிகள் முன்பெல்லாம் பல மாதங்கள் மாவுக்கட்டில் அசையாது கிடந்தனர். கொரியாவில் நடந்த ஆய்வுகள், படுக்கையாலும் மாவுக்கட்டாலும் கூடுதல் நன்மை இல்லை எனக் காட்டின. 1970-களில் சென்னையில் தொடங்கிய ஆய்வு, மருந்து உண்டபடியே நடமாடியவர்களை அறுவை செய்துகொண்டவர்களோடு ஒப்பிட்டது. அவர்களைப் 10 ஆண்டுகள் கவனித்துப் பெற்ற முடிவு 1999-இல் வெளியானது. பெரும்பாலோர்க்கு நடமாட்டத்தோடு கூடிய மருந்தே போதுமானதாயிற்று. கிருமி அரித்த முதுகெலும்பே நடப்பதால் கெடவில்லை எனில், வயதால் தேய்ந்த முதுகு ஏன் படுக்க வேண்டும்?

அதற்கான நேர்விடையும் வேறிடங்களில் கிடைத்தது. 1986-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோ, முதுகுவலிக்காரர் சிலரை 2 நாளும் வேறு சிலரை 7 நாளும் படுத்திருக்கச் சொன்னார். 2 நாள் படுத்தோர் முன்னதாகவே வேலைக்குத் திரும்பினர். மற்றபடி இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. 1995-இல் பின்லாந்தில் நடந்த ஆய்வில், வலி அனுமதிக்கும் அளவு தம் அன்றாட வேலைகளைச் செய்துவந்தவர்களே படுத்தவர்களைக் காட்டிலும் விரைவில் தேறினர். படுக்கையில் தசை தளர்கிறது, எலும்பு மெலிகிறது, அச்சம் வளர்கிறது.

படம் காட்டாத உண்மை

இன்று படுக்கையின் இடத்தை வேறொன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. அது ஸ்கேன் அறிக்கை. "எல் 4, எல் 5 போய்விட்டது" என்ற ஒரு வரியோடு எத்தனையோ பேர் வாழ்வே முடிந்ததாகக் கலங்குகின்றனர். 1994-இல் அமெரிக்காவில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தனர். எல்லாத் தட்டுகளும் பழுதின்றி இருந்தவர்கள் 36 விழுக்காட்டினரே. 52 விழுக்காட்டினரிடம் ஒரு தட்டாவது புடைத்திருந்தது. 2015-இல் இத்தகைய 33 ஆய்வுகளைத் தொகுத்தபோது, வலியில்லாத 20 வயதினரிலேயே 37 விழுக்காட்டினருக்கும், 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் தட்டுத் தேய்மானம் தெரிந்தது. படத்தில் தேய்மானம் தெரிவதனாலேயே அதுதான் வலிக்குக் காரணம் என்று கூறிவிட இயலாது. அப்படத்தைக் கொண்டு நாளைய வாழ்வைக் கணிக்கவும் இயலாது.

மற்றொரு பழியையும் அறிவியல் நீக்கியிருக்கிறது. வேறு வேறு தொழில் செய்துவந்த இரட்டையர்களைப் பின்லாந்தில் ஆராய்ந்தபோது, தட்டின் தேய்மானத்தில் சுமந்த எடையைவிடப் பிறவி மரபே பெரும்பங்கு கொள்கிறது எனத் தெரிந்தது. "நீ சரியாக உட்காரவில்லை, நீ தூக்கியதால்தான் வந்தது" என்று நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. பிறவிக் குருடரைக் கண்டபோது, இது யார் செய்த பாவம் என்று சீடர்களும் கேட்டார்கள். அக்கேள்வியை ஆண்டவர் ஏற்கவில்லை என்பதை யோவான் நற்செய்தியில் வாசிக்கிறோம்.

இதனால் சுமை தீங்கற்றது என்று பொருளாகாது. தட்டு தேய்வது வேறு. வலி எழுவது வேறு. குனிதலும் தூக்குதலும் வலியைத் தூண்டவும் நீட்டிக்கவும் செய்கின்றன. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்கிறோம். அந்நிலையில் நரம்பு மண்டலமே கூருணர்வு கொண்டுவிடுகிறது. உறக்கமின்மை, கவலை, கடன், தனிமை ஆகிய அனைத்தும் அதனோடு கலக்கின்றன. அதனால் அது கற்பனை வலி ஆகிவிடாது; முழு மனிதரையும் பற்றிய வலி ஆகிறது.

செய்யத் தக்கவையும் அஞ்சத் தக்கவையும்

உலக நலவாழ்வு நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்புவலிக்கென வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. நோயைப் பற்றிய விளக்கம், ஒழுங்கான உடற்பயிற்சி, மனத்துணை, பிடித்துவிடுதல் போன்ற கைமுறைகள் ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. இடுப்புப் பெல்ட்டுகள், எடை கட்டி இழுத்தல், அபினி வகை மருந்துகள் ஆகியவற்றை வழக்கமான மருத்துவமாகக் கொள்ள வேண்டாம் என்கிறது. நடை, நீச்சல், ஓகாசனம், இயன்முறை மருத்துவர் கற்பிக்கும் பயிற்சி என எதுவாயினும், நாள்தோறும் தொடர்ந்து செய்வதே பயன் தரும். சுமையைப் பிரித்து எடுப்பதும், உடலோடு அணைத்துத் தூக்குவதும், நெடுநேரம் ஒரே நிலையில் இராதிருப்பதும் நலம். புகைப்பதை விடுவதும் முதுகுக்கு நன்மையே. மருந்துக் கடையில் தாமே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகள் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் அரிக்கும். தட்டு பிதுங்கிக் காலுக்கு இறங்கும் வலிகூடப் பெரும்பாலோர்க்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ அறுவையின்றித் தணிகிறது.

ஆனால் சில அறிகுறிகளைப் பொறுத்துக்கொண்டிருத்தல் தகாது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழத்தல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், கால் வலுவிழந்துகொண்டே வருதல் ஆகியன தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே அறுவை மருத்துவம்தான் காப்பாற்றும். காய்ச்சல், எடை குறைதல், இரவிலும் ஓயாத வலி, முதியோர் விழுந்தபின் எழும் வலி, முன்பு புற்றுநோய் கண்டவர்க்கு வரும் வலி ஆகியனவும் உடனே ஆராயத் தக்கவை. நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் இன்னும் மறையவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

எவர் முதுகு?

கருங்குழியை அடுத்து விரிந்து கிடக்கிறது மதுராந்தகம் ஏரி. 1794 முதல் 1798 வரை ஜாகீர் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் அதன் கரையைச் செப்பனிட்டார். அவர் பெயர் அங்குள்ள ஏரி காத்த இராமர் கோயில் கல்வெட்டில் இடம்பெற்றிருக்கிறது. கூடை கூடையாக மண் சுமந்து அக்கரையை உயர்த்தியவர் பெயர் எக்கல்லிலும் இல்லை. அந்த ஏரி நீர் பாய்ந்த வயல்களில் சேற்றில் இறங்கி, நாளெல்லாம் குனிந்தபடியே பின்னோக்கி நகர்ந்து நாற்று நட்ட பெண்களின் பெயரும் இல்லை. மாலையில் வீடு திரும்பினால் அவர்களுக்குத் தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் காத்திருந்தன. "இடுப்பு கடுக்கிறது" என்ற ஒரு சொல்லோடு அவர்கள் தம் மருத்துவத்தை முடித்துக்கொண்டனர். நிமிராமலே முதுமை எய்திய பாட்டிமார் நம் ஒவ்வோர் ஊரிலும் உண்டு.

அனைத்துலகத் தொழில் அமைப்பு 1967-இல் ஒருவர் சுமக்கும் எடைக்கு வரம்பு வேண்டும் என்றது. வயதுவந்த ஆணுக்கு 55 கிலோவுக்கு மேல் வேண்டாம் எனப் பரிந்துரைத்தது. பெண்களுக்கு அதனினும் மிகக் குறைவாக இருத்தல் வேண்டும் என்றது. 2020-இல் உலகில் 61 கோடியே 90 இலட்சம் பேர் இடுப்புவலியோடு வாழ்ந்தனர் என்பது ஆய்வாளரின் மதிப்பீடு. அவர்களுள் ஸ்கேன் எடுக்க வழியுள்ளவர்களைப் பற்றியே நாம் மிகுதியும் பேசுகிறோம். ஒரு நாள் கூலியை இழந்து இயன்முறை மருத்துவரிடம் செல்ல முடியாதவர்களைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் 18 ஆண்டுகள் கூனிப்போயிருந்த ஒரு பெண்ணைச் சந்திக்கிறோம். அவர் எதையும் கேட்கவில்லை. ஆண்டவரே அவரைக் கண்டு, அழைத்து, கைகளை வைத்து நிமிர்த்துகிறார். தொழுகைக்கூடத் தலைவருக்கோ ஓய்வுநாள் சட்டமே பெரிதாகத் தெரிகிறது. 18 ஆண்டுகள் அப்பெண் அந்தக் கூடத்துக்கு வந்து போயிருக்கலாம்; குனிந்த முதுகைக் கண்டும் காணாதிருப்பது கூட்டத்துக்குப் பழகிவிட்டது. நம் பங்குகளிலும் அப்படி எவரேனும் இருக்கக்கூடும்.

தவக்காலத்தில் சிலுவைப் பாதையின் ஐந்தாம் நிலையில் நாம் முழந்தாளிடுகிறோம். சிரேன் ஊரைச் சேர்ந்த சீமோன் சிலுவையை இல்லாமற் செய்துவிடவில்லை. சிறிது தொலைவு தோள் கொடுத்தார். நாட்பட்ட வலியோடு வாழ்வோர்க்கு நாம் ஆற்றக்கூடிய பணியும் அத்தகையதே. முழந்தாளிட இயலாதவர் திருப்பலியில் கூச்சமின்றி அமர்ந்திருக்கட்டும். அவருக்குச் சாய்மானமுள்ள இருக்கை ஒன்று ஒதுக்கப்படட்டும். அன்பியக் கூட்டத்தில் தண்ணீர்க் குடத்தையும் அரிசி மூட்டையையும் தூக்கிக் கொடுக்க இளையோர் முன்வரட்டும். "படுத்துக்கொள்" என்பதைவிட "வா, சிறிது நடப்போம்" என்று சொல்லி உடன் நடப்பவர் பெரிய மருத்துவர். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஏற்படுத்திய உலக நோயாளர் நாள் 1993 முதல் ஆண்டுதோறும் பிப்ரவரி 11-இல் நினைவுகூரப்படுகிறது. அந்நாளில் ஒவ்வொரு பங்கும் இயன்முறை மருத்துவர் ஒருவரை அழைத்து, வயல்வேலை செய்யும் பெண்களுக்கு முதுகைப் பேணும் பயிற்சி அளிக்கலாமே! செலவு மிகவும் சிறிது.

பிள்ளையைப் பெறாது இறந்த மகளுக்காக அழுத ஒரு குடும்பம், தன் துயரத்தைப் பெயரறியாத வழிப்போக்கரின் இளைப்பாறலாக மாற்றியது. அக்கற்கள் மறைந்துவருகின்றன. நெடுஞ்சாலையில் இன்று தலைச்சுமையோடு செல்வோரும் மிகச் சிலரே. ஆனால் இறக்கி வைக்க இடமின்றி வலியைச் சுமந்து நடப்போர் நம் தெருக்களில் குறையவில்லை. அவர்களுக்கு நாம் நிற்க வேண்டிய உயரம் எது என்பதை அந்தக் கல்தச்சர் நமக்குச் சொல்லிச் சென்றிருக்கிறார்: அவர்கள் குனிய வேண்டியிராத உயரம்.